பழைய தோட்ட மண்டபத்தில் நாலு திரைக் காணொளிக் கண்காட்சி: எதை எங்கே வைப்பது? (சுங்கை சிப்புட்) [இணையக் குழு உரையாடல்; எண்ணோடு வரும் தலைப்பு எழுதியவரின் புனைபெயர்]

1. லயத்து விளக்கு

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே ஒரு பழைய தோட்ட மண்டபம் மூன்று வாரத்துக்குக் கிடைத்திருக்கிறது. தோட்டப்புறங்களை ஆவணப்படமாக எடுத்துவரும் ஓர் இயக்குநர், தன் பழைய நாடாக்களையும் புதிய பதிவுகளையும் பிரித்து நாலு திரைப் படைப்பாகச் செய்திருக்கிறார். விவரம்:

மண்டபம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். தகரக் கூரை, உள்கூரை கிடையாது. சுவர் உயரம் 3.6 மீட்டர். இரண்டு பக்கமும் நாக்கோ ஜன்னல் (கண்ணாடித் தகடுகள் அடுக்கியது), சிமெண்டுத் தரை.

திரை அ: விடியலுக்கு முன் ரப்பர் மரத்தில் பால்வெட்டு. நெற்றி விளக்கு வெளிச்சம் மட்டும். மினிடிவி (MiniDV) நாடா, 7 நிமிடம்.
திரை ஆ: ஆலைக்குப் போகும் செம்பனைக் குலை லாரிகள், மண்சாலை. புதிய பதிவு, 11 நிமிடம்.
திரை இ: லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இடிபட்டதைப் பற்றி ஒரு மூதாட்டி பேசுவது. 22 நிமிடம், வெட்டே இல்லை.
திரை ஈ: பழைய ஆவணக் காட்சிகள், குடும்பப் புகைப்படங்கள். 4 நிமிடம், ஒலி இல்லை.

கையில் இருப்பவை: 3,300 லூமென் (வெளிவரும் ஒளியின் அளவு) விளக்கு வகை புரொஜெக்டர் இரண்டு, அருகிலிருந்தே பெரிய படம் தரும் ஷார்ட் த்ரோ ஒன்று, 29 அங்குல டப்பா டிவி ஒன்று. நாலும் ஒரே திறந்த மண்டபத்தில், ஒரே நேரத்தில், லூப்பில் ஓட வேண்டும் என்பது இயக்குநரின் எண்ணம். சரிப்பட்டு வருமா?

2. ஒளிவட்டம்

முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பெட்டியில் 3,300 என்று போட்டிருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விளக்கு பாதி ஆயுளைத் தாண்டி எக்கோ மோடில் (சிக்கன முறையில்) ஓடினால் 2,000 வந்தாலே பெரிது. 3 மீட்டர் அகலத்துக்கு 16:9 படம் என்றால் உயரம் 1.69, பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். 2,000-ஐ 5-ஆல் வகுத்தால் 400 லக்ஸ், அதாவது திரைமேல் விழும் ஒளி. அதை 3.14-ஆல் வகுத்தால் சாதாரண மேட் வெள்ளைச் சுவரில் 127 நிட், அதாவது கண்ணுக்குத் தெரியும் பிரகாசம். திரையரங்குக்கு வகுத்த அளவே 48 நிட்தான். ஆகவே நல்ல இருட்டு இருந்தால் இந்தப் புரொஜெக்டர் தாராளம். 4 மீட்டருக்கு விரித்தாலும் 70 நிட் நிற்கும்.

இருட்டு இல்லையென்றால் கதை வேறு. நாக்கோ கண்ணாடி வழியே திரைமேல் 50 லக்ஸ் கசிகிறது என்று வையுங்கள். வெள்ளை 450, கறுப்பு 50. விகிதம் ஒன்பதுக்கு ஒன்று. லாரிச் சாலை அந்த அளவிலும் தெரியும். விடியல் பால்வெட்டு சுத்தமாகக் காணாமல் போகும், ஏனென்றால் அந்தப் படமே கறுப்புக்குள்தான் இருக்கிறது. இன்னும் லூமென் கூடிய புரொஜெக்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அந்தப் பணத்தில் ஜன்னலை அடையுங்கள்.

அடைக்கக் கறுப்புத் துணி போதாது, ஒரு மடிப்பு என்றால் பகலில் ஒளி ஊடுருவும். காய்கறிப் பாத்தியில் விரிக்கும் சில்வர்ஷைன் பிளாஸ்டிக் விவசாயப் பொருள் கடைகளில் சுருளாகக் கிடைக்கும். வெள்ளிப் பக்கம் வெளியே, கறுப்பு உள்ளே. வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே பளபளப்பு இருக்காது. ஓரங்களை டேப்பால் ஒட்டினால் வேர்வையில் கழன்றுவிடும். மரச்சட்டம் அடித்து ஸ்டேபிள் போடுங்கள்.

3. நாலு மணி மழை

ஜன்னலை அடைத்ததும் அடுத்த பிரச்சினை சூடு. ஒளிவட்டம் அதைத் தொடவில்லை.

பெரும்பாலான புரொஜெக்டர்களுக்கு இயங்கும் வெப்ப வரம்பு 35 முதல் 40 டிகிரி. உள்கூரை இல்லாத தகரக் கூரைக்கு அடியில், மதியம் இரண்டு மணிக்கு, விட்டத்தின் உயரத்தில் அதைத் தாண்டிவிடும். பார்வையாளர் நிற்கும் இடத்தில் 32 இருக்கலாம், மெஷின் தொங்கும் இடத்தில் 42. மெஷின் தானாக அணைந்துவிடும், மூடிப் பத்து நிமிடம் ஆறவிட்டால் திரும்ப வரும், மறுபடி அணையும். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

ஆகவே விட்டத்திலிருந்து இரும்புக் குழாய் இறக்கி 2.3 மீட்டரில் தொங்க விடுங்கள். ஆள் தலைக்கு மேலே, சூட்டுக்குக் கீழே. குழாயை இரும்பு விட்டத்தில்தான் பிடிக்க வேண்டும், தகரம் அடித்த ரீப்பரில் கூடாது. பாதுகாப்புக்கு ஒரு ஸ்டீல் கம்பியைத் தனியாகச் சுற்றிப் போடுங்கள். இரு முனைச் சுவரிலும் உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, அதன் முன்னால் அரை மீட்டர் தள்ளி ஒரு பிளைவுட் தட்டியை நிறுத்தி உள்பக்கம் கறுப்பு அடியுங்கள். காற்று வளைந்து போகும், வெளிச்சம் வளையாது.

நேரத்தை மாற்ற முடியுமென்றால் மாலை 5 முதல் இரவு 10 வரை வையுங்கள். நம் ஜனம் வேலை முடிந்து, குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு வரும் நேரமும் அதுதான்.

4. எதிரொலி

ஒலியைப் பற்றி: நாலும் திறந்த மண்டபத்தில் ஒன்றாக ஓடினால் மூதாட்டியின் பேச்சு ஒருவருக்கும் புரியாது. இதை இயக்குநரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: 0.161-ஐ அறையின் கன அளவால் பெருக்கி, ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுப்பது. உங்கள் மண்டபம் சராசரி 4.5 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 730 கன மீட்டர். சிமெண்டு, செங்கல், தகரம் எல்லாம் சேர்ந்து 45 அலகு உறிஞ்சினால் 2.6 நொடி. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த நாலைந்து சொல் வந்து மேலே விழும். பேச்சுக்கு 1 நொடிக்குக் கிட்டே வேண்டும். கனமான மடிப்புத் திரைச்சீலை 70 சதுர மீட்டர் தொங்கவிட்டால் 35 அலகு கூடி 1.5-க்கு இறங்கும். சீலை சுவரை ஒட்டக் கூடாது, 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால்தான் வேலை செய்யும். கல்யாண மேடை அலங்காரம் செய்பவர்களிடம் வெல்வெட் சீலை வாடகைக்குக் கிடைக்கும். மெல்லிய சாட்டின் துணி அழகுக்கு மட்டுமே உதவும்.

லாரிச் சத்தத்துக்குப் பெரிய ஸ்பீக்கரைத் தூரத்தில் வைக்காதீர்கள். சின்ன ஸ்பீக்கரைப் பார்வையாளருக்கு 1 மீட்டர் அருகில் வைத்து ஒலியைக் குறையுங்கள். காதில் விழும் அளவு ஒன்றே, மண்டபத்துக்குள் பரவுவது மிகக் குறைவு.

இனி மழை. தகரத்தில் பெருமழை அடித்தால் எந்த ஸ்பீக்கரும் ஜெயிக்காது. பேச்சைக் காக்க ஒரே வழி அறைக்குள் அறை: 3க்கு 3 மீட்டர், உயரம் 2.4. சுவருக்கு இரண்டு பக்கமும் 12 மில்லி பிளைவுட், நடுவில் ராக்வூல் என்ற ஒலியடக்கும் பஞ்சு. மேல்மூடிக்கும் அதே. மேல்மூடியை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை, மழைச் சத்தம் மேலிருந்து வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

5. கத்திமுனை

எதிரொலி சொன்னதை வேறு காரணத்துக்காக நான் ஆதரிக்கிறேன்.

ஒரு அம்மா இருபத்திரண்டு நிமிடம் வெட்டில்லாமல் பேசுகிறார். அதை லூப்பில் போட்டால் நூற்றில் தொண்ணூறு பேர் அவர் பேச்சின் நடுவில் நுழைந்து, நடுவில் வெளியேறுவார்கள். லாரியை நடுவில் பார்க்கலாம், பால் சொட்டுவதை நடுவில் பார்க்கலாம். ஒரு மனுஷி தன் வீடு இடிபட்டதைச் சொல்லும்போது நடுவாக்கியத்தில் புகுந்து கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டு நகர்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அந்தப் பழக்கத்துக்குக் கண்காட்சியே வழி திறந்துவிடக் கூடாது.

ஆவணப்படக்காரர்கள் கலைக்கூடத்துக்குள் வந்தபோது இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டார்கள். பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அக்கெர்மான் கிழக்கு ஐரோப்பா பற்றி 1993-இல் எடுத்த படத்தை 1995-இல் கண்காட்சியாக மாற்றியபோது மூன்று அறை வைத்தார். முதல் அறையில் படம் முழுதாக ஓடியது. இரண்டாம் அறையில் அதே படம் 24 மானிட்டர்களில் துண்டுகளாக, மும்மூன்றாக. மூன்றாம் அறையில் 25-ஆவது மானிட்டர் ஒன்றே ஒன்று, அவர் குரலோடு. முழுமை, சிதறல், குரல் ஒவ்வொன்றுக்கும் தனி அறை. அதே 1995-இல் ஜெர்மன் இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி இரண்டு திரைகளை வைத்துத் தன் படத்தொகுப்பு மேசையையே பொருளாக்கினார். இந்திய ஆவணப்பட இயக்குநர் அமர் கன்வர் 2007-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் டாக்குமென்டா கலைக் கண்காட்சியில் எட்டுத் திரை நிறுவலை வைத்தார். இந்தியப் பிரிவினை தொடங்கிப் பெண்கள்மேல் நடந்த பாலியல் வன்முறையைப் பற்றியது. பல திரை என்றாலே சிதறடிப்பது என்று பொருள் இல்லை. எதைச் சிதறடிக்கலாம், எதைக் கூடாது என்று ஒவ்வொன்றாக முடிவெடுப்பதுதான் அங்கே வேலை.

உங்கள் மண்டபத்திலும் அ, ஆ, ஈ மூன்றும் திறந்த இடத்தில் சுற்றட்டும். இ-க்கு மட்டும் கதவு, இருக்கை, தொடக்கம், முடிவு வேண்டும்.

6. ஐம்பது ஹெர்ட்ஸ்

மினிடிவி நாடா என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். பாதிக் கண்காட்சிகள் கெட்டுப்போவது அங்கேதான்.

நம் ஊர் மினிடிவி பால் (PAL) முறை: 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் இரண்டு ஃபீல்ட். ஒன்றுவிட்டு ஒரு வரி ஒரு கணத்திலும், மிச்ச வரிகள் ஐம்பதில் ஒரு நொடி கழித்தும் பதிவானவை. பால்வெட்டுக் காட்சியில் கத்தி பட்டையைச் சீவி வரும் இடத்தில் ஒரு ஃபிரேமை நிறுத்திப் பாருங்கள். மரம் தெளிவாக இருக்கும், பால் பிடிக்கும் மங்கு தெளிவாக இருக்கும், கத்தியின் ஓரமும் அந்தக் கையும் மட்டும் சீப்புப் பல் மாதிரி கீறிக் கிடக்கும். லேப்டாப்பில் கண்ணில் படாது. 3 மீட்டர் சுவரில் முதலில் தெரிவது அதுதான்.

அதைச் சரிசெய்கிறேன் என்று பலர் இரண்டு ஃபீல்டையும் கலந்து 25 ஃபிரேமாக்கிவிடுவார்கள். சீப்பு போகும், கூடவே கையின் ஓட்டமும் போகும். பட்டையை 1 மில்லி, ஒன்றரை மில்லி கனத்துக்குச் சீவும் அந்த இழுப்பு வழுக்கிக்கொண்டு வர வேண்டும், தத்தித் தத்தி வரக் கூடாது. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற காணொளி மென்பொருளில் bwdif ஃபில்டரைப் போட்டு ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் என்ற கணக்கில் நொடிக்கு 50 ஆக்குங்கள். மினிடிவி நாடாவில் கீழ் ஃபீல்டுதான் முதலில். மாற்றிக் கொடுத்தால் கை முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று நடுங்கும், பார்த்தவுடன் பிடிபடும்.

இந்தப் படம் 4:3. இழுத்து 16:9 ஆக்காதீர்கள், மரம் பருத்து ஆள் குட்டையாகத் தெரிவார். 1440க்கு 1080 அளவில் நடுவில் வைத்தால் இரு பக்கமும் 240 புள்ளி கறுப்பு மிஞ்சும். விளக்குப் புரொஜெக்டரில் அந்தக் கறுப்பு உண்மையில் சாம்பல் பட்டையாக ஒளிரும். ஆகவே 2.25க்கு 1.69 மீட்டர் அளவுக்கு மட்டும் பிளைவுட்டில் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் மேட் கறுப்பு அடித்துவிடுங்கள். சாம்பல் பட்டை கறுப்பு பெயின்டில் மறைந்துவிடும்.

இருட்டுப் படத்தை இறுக்கிச் சுருக்கினால் நெற்றி விளக்கைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி வளையம் வளையமாக வரும். ஒலிபெருக்கிக் கடைக்காரரிடம் கொடுக்கும் பென்டிரைவ் அளவுக்குக் கோப்பைச் சிறிதாக்கத் தேவையில்லை. எச்264 சுருக்க முறையில் நொடிக்கு 20 மெகாபிட் கொடுங்கள், சுருக்கும் முன் படத்தில் மணல் தூவியதுபோல் மெல்லிய புள்ளிகள் சேருங்கள், வளையம் கரையும்.

பிளேயரின் வெளியீடு 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 60-இல் விட்டால் நொடிக்கு பத்து ஃபிரேம் இரண்டு முறை வரும், லாரி சாலையில் போவது உதறும். பிளேயராக ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி போதும். திரை ஆ 4கே பதிவு என்றாலும் உங்கள் புரொஜெக்டர் 1080 என்றால் முன்கூட்டியே 1080-க்கு இறக்கிவிடுங்கள்.

7. லயத்து விளக்கு

எல்லாருக்கும் நன்றி. இயக்குநரோடு பேசியாகிவிட்டது. திரை இ தனி அறைக்குள் போகிறது, ஒப்புக்கொண்டார். இன்னும் மூன்று கேள்வி. அந்த அறையில் படத்தைத் தொடங்குவது பட்டனாலா, நேரக் கணக்காலா? மற்ற மூன்றையும் ஒன்றோடொன்று சிங்க் செய்ய (நேரம் பொருத்த) வேண்டுமா? தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வசனவரி போட வேண்டும், தமிழ் எழுத்து உடைந்து உடைந்து வருகிறது, என்ன செய்வது?

8. கத்திமுனை

நேரக் கணக்கு. 22 நிமிடம் படம், 8 நிமிடம் வெறும் அறை, மெல்லிய விளக்கு. ஒவ்வொரு முழு மணிக்கும் அரை மணிக்கும் தொடங்கும் என்று கதவில் மூன்று மொழியில் எழுதி வையுங்கள். பட்டன் வைத்தால் பிள்ளைகள் அமுக்கி நடுவில் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

9. எதிரொலி

பட்டனை அப்படி ஒதுக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது அமுக்கினால் கவனிக்காதே என்று நிரலில் ஒரு வரி போட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆள் இல்லாத அறையில் அந்த அம்மா தனியாகப் பேசிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை. வந்து உட்கார்ந்தவர் கேட்கத் தயார் என்று பட்டனைத் தொடும்போது பேச்சு தொடங்குவது சரியாகப் படுகிறது. வீடியோ விளையாட்டுக் கடைகளில் இருக்கும் 30 மில்லி பெரிய பட்டன், மரக்கட்டையில் பதித்து, இருக்கையின் கைப்பிடியில். கூட்டம் அதிகமாக வரும் சனி, ஞாயிறு மட்டும் நேரக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ராஸ்பெரி பையின் காது ஜாக்கில் மெல்லிய இரைச்சல் வரும், பேச்சுக்கு நடுவே உள்ள மௌனத்தில் அது அப்பட்டமாகக் கேட்கும். சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போடுங்கள். இருக்கையின் சாய்வில் காது உயரத்துக்கு இரண்டு 3 அங்குல ஸ்பீக்கர், அரை மீட்டர் தூரத்தில் 65 டெசிபெல். ஹெட்போன் வேண்டாம், தாயும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டிய படம் இது.

10. ஐம்பது ஹெர்ட்ஸ்

சிங்க் தேவையில்லை. 7 நிமிடமும் 11 நிமிடமும் சுற்றினால் அதே சேர்க்கை மறுபடி வர 77 நிமிடம் ஆகும். 4 நிமிடத்தையும் சேர்த்தால் 308 நிமிடம், அதாவது ஒரு மாலை முழுக்க ஒரே சேர்க்கை இரண்டாம் முறை வராது. கத்தி ஓடும்போது பக்கத்தில் லாரி போகும், இன்னொரு முறை வெறும் சாலை இருக்கும். இயக்குநர் 7-ஐயும் 11-ஐயும் தெரிந்து எடுத்தாரோ இல்லையோ, கைவைக்காதீர்கள். 6-ம் 9-ம் ஆக இருந்திருந்தால் 18 நிமிடத்துக்கு ஒருமுறை அதே ஜோடி வந்து நிற்கும்.

லூப் திரும்பும் இடத்தில் சில பிளேயர்கள் அரை நொடி திணறி, மெனுவைக் காட்டும். முன்னும் பின்னும் 3 நொடி கறுப்பை கோப்புக்குள்ளேயே வைத்துவிட்டால் திணறல் கறுப்புக்குள் ஒளிந்துவிடும். மொத்த நீளம் அப்போது 7 நிமிடம் 6 நொடி ஆகும், சுற்றுக் கணக்கு கொஞ்சம் நகரும், அதனால் ஒன்றும் கெடாது.

11. கொம்பும் காலும்

வசனவரிக்கு வருகிறேன். "கொ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால் நிற்க வேண்டும். எழுத்துச் சேர்க்கை தெரியாத மென்பொருள் அதைப் பிரித்து, ககரத்துக்குப் பின்னால் புள்ளி வட்டம் போட்டு கொம்பைத் தொங்கவிடும். "கொட்டாய்" என்ற சொல் "க"வும் வட்டமுமாகத் திரையில் வந்தால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை கூடச் சிரிக்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, கோளாறு எழுத்துருவில் இல்லை. பிரீமியர் என்ற படத்தொகுப்பு மென்பொருள் என்றால் கிராஃபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்துமுறையைத் தேர்ந்தெடுங்கள். எதுவும் ஒத்துவரவில்லையென்றால் எஃப்எஃப்எம்பெக்கில் லிப்ஆஸ் (libass) ஃபில்டர் வழியாக வரியைப் படத்தின்மேல் எரித்துவிடுங்கள், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு. ஒழுங்காக வரும்.

மூன்று மொழியையும் ஒரே திரையில் அடுக்காதீர்கள். ஆறு வரி வந்து அந்த அம்மாவின் வாயை மறைத்துவிடும். பேச்சு தமிழ், ஆகவே தமிழ் வரி எதற்கு என்று கேட்பார்கள். காது மந்தமான பெரியவர்களுக்கு வேண்டும், மழை நேரத்தில் எல்லாருக்கும் வேண்டும். மலாயும் ஆங்கிலமும் படத்துக்குக் கீழே, வெள்ளை அடித்த ஒரு தனி நீளப் பட்டையில் விழும்படி வையுங்கள். பேசும் அம்மா "பெரட்டுக் களம்" (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), "கிராணி" (தோட்டக் கணக்கர்), "ஒட்டுப்பால்" (உறைந்து ஒட்டிய ரப்பர் பால்) என்று சொல்வதைத் தமிழ் வரியில் "அணிவகுப்பு மைதானம்" என்றெல்லாம் திருத்த வேண்டாம். அவர் சொன்ன சொல்லே நிற்கட்டும்.

12. பச்சைக் கோப்பு

யாரும் இன்னும் தணிக்கையைத் தொடவில்லை. கண்காட்சிதானே, சினிமா இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

2002-ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தில் "ஃபிலிம்" என்பதில் காணொளிப் பதிவும் அடக்கம். 6-ஆவது பிரிவின்படி தணிக்கை வாரியமான எல்பிஎஃப்பின் அனுமதி இல்லாத படத்தை வைத்திருப்பதும் காட்டுவதும் குற்றம். அபராதம் 5,000 ரிங்கிட்டிலிருந்து 30,000 வரை, அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2013-இல் கோலாலம்பூரில் இலங்கை இறுதிப் போர் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்டதற்காக ஏற்பாட்டாளர் ஒருவர்மேல் இதே பிரிவில் வழக்குப் போட்டு, 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். வசனவரி எரித்த கடைசி வடிவத்தைத்தான் அனுப்ப வேண்டும், நாலு கோப்பையும். மண்டபத்துக்கான அனுமதியைக் கோலக் கங்சார் நகராண்மைக் கழகத்திடம் தனியாகக் கேளுங்கள், சுங்கை சிப்புட் அவர்கள் எல்லையில் வருகிறது.

திரை ஈ-யில் இருப்பது மலாயன் ஃபிலிம் யூனிட் காட்சியா? 1946-இல் தொடங்கிய அந்த அரசு அமைப்பின் படங்களுக்கு இப்போது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய பிரதி என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

அந்த மூதாட்டியின் ஒப்புதல்? ஒரு படத்துக்குக் கேமரா முன் பேசச் சம்மதித்ததும், மூன்று வாரம் தன் ஊரிலேயே ஆளுயரத்துக்குச் சுவரில் தெரியச் சம்மதிப்பதும் ஒன்றல்ல. அவர் இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் பிள்ளைகளிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள். திறப்புக்கு முந்தின நாள் அவர்களை உட்காரவைத்து முழுவதையும் போட்டுக் காட்டுங்கள். ஏதாவது ஒரு வாக்கியத்தை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

13. நாலு மணி மழை

மின்சாரம். மூன்று புரொஜெக்டர் 900 வாட், டிவி 100, பிளேயர்கள் 60, ஆம்பிளிஃபயர் 150, ஃபேன்கள் 300. மொத்தம் 1,500 வாட் சொச்சம், 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். ஒரு 13 ஆம்பியர் பிளக்கே தாங்கும் அளவுதான், ஆனாலும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடாதீர்கள். சுருள் எக்ஸ்டென்ஷனைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டினால் உள்ளே சூடேறி உருகும், முழுதாக அவிழ்த்துப் போடுங்கள். பழைய தோட்ட மண்டப வயரிங்கில் எர்த் கம்பி அறுந்திருப்பது சகஜம். பதிவுபெற்ற வயர்மேனை வைத்து எர்த்தையும் ஆர்சிசிபியையும் (மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) சோதிக்காமல் ஒரு பிளக்கும் குத்த வேண்டாம். மழை நாளில் மட்டும் ஆர்சிசிபி விழுந்தால் புரொஜெக்டரைச் சந்தேகப்படாதீர்கள், வெளிச்சுவர் சாக்கெட்டில் ஈரம் இறங்கியிருக்கும்.

ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று தாழ்ந்த சத்தம் வந்தால் ஆம்பிளிஃபயரும் பிளேயரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருக்கின்றன. இரண்டையும் ஒரே சாக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். எர்த் பின்னைக் கழற்றி விடும் பழக்கம் உயிருக்கே ஆபத்து.

நம் ஊர் இடி சாதாரண இடியில்லை. சர்ஜ் தடுப்பான் போடலாம், ஆனால் பெரிய இடிக்கு பிளக்கைக் கழற்றுவதே காவல். பிளேயர்களுக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ். ராஸ்பெரி பையின் மெமரி கார்டு, மின்சாரம் திடீரென்று போனால் கெட்டுவிடும். அமைப்பில் ஓவர்லே கோப்பு முறையை இயக்கிவிட்டால் கார்டில் எதுவும் எழுதாது, எத்தனை முறை கட்டானாலும் எழுந்து நிற்கும். அதோடு ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நகல் எடுத்து, எந்தத் திரைக்கு என்று எழுதி, டிவிக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று: மாலை மழை விட்ட பிறகு ஈசல் வரும். இருட்டு மண்டபத்தில் ஒரே வெளிச்சம் புரொஜெக்டர் கண்தான், கூட்டமாக அதன்மேல் விழும். இறக்கை உதிர்ந்து ஃபில்டரை அடைத்து, மெஷின் சூடேறி அணையும். மழை விட்டதும் ஒரு மணி நேரம் கதவைச் சாத்தி, வாசலுக்குப் பத்து மீட்டர் தள்ளி ஒரு பிரகாசமான வெள்ளை விளக்கைப் போட்டுவிடுங்கள், அங்கே போகும். ஃபில்டரை மறுநாள் காலை பிரஷ்ஷால் துடைக்க வேண்டும், தண்ணீர் கூடாது.

14. ஒளிவட்டம்

இடவமைப்பு. வாசலை ஒட்டி திரை ஈ, டப்பா டிவி, முக்காலி மேல், முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே. வெளிச்சத்திலிருந்து வரும் கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் பிடிக்கும், டிவி அந்த இடத்துக்குப் பொருத்தம். நடுவில் திரை ஆ, அகலவாட்டில். உங்கள் புரொஜெக்டர் த்ரோ விகிதம் (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 3 மீட்டர் படத்துக்கு 4.5 மீட்டர் தூரம், 9 மீட்டர் அகலத்தில் தாராளமாக இடம். கடைசி மூலையில், மூன்று பக்கமும் சீலை கட்டி, திரை அ. ஷார்ட் த்ரோ 0.5 என்றால் தனி அறைக்கு அதைக் கொடுங்கள், ஒன்றரை மீட்டர் போதும், யார் நிழலும் விழாது.

கோணல் திருத்தும் பட்டனை அமுக்காதீர்கள். படத்தைச் சாய்த்துச் சரிக்கட்டும்போது எழுத்தின் ஓரம் மசங்கும், தமிழ் வரியில் அது உடனே தெரியும். மெஷினையே மட்டம் பார்த்துத் திரைக்கு நேராகத் தொங்க விடுங்கள்.

பெரியவர்கள் வருவார்கள். தரையில் கேபிள் ஒன்றுகூடக் குறுக்கே ஓடக் கூடாது. நடைபாதையின் இரு ஓரமும் ஒளிரும் டேப், இருக்கைக்குச் சாய்வு, உயரம் 45 சென்டிமீட்டர். அறை வாசலில் கட்டை வைக்காதீர்கள், சக்கர நாற்காலி ஏற வேண்டும், 90 சென்டிமீட்டர் அகலம்.

15. லயத்து விளக்கு

அளவெல்லாம் எடுத்துக்கொண்டேன். பிளைவுட் ஈப்போவில் சொல்லியாகிவிட்டது. தணிக்கை விண்ணப்பம் முதல் வேலை, அது வரும்வரை தேதி அறிவிக்கப் போவதில்லை. தினமும் மண்டபத்தைத் திறந்து மூடப் போவது உள்ளூர் இளைஞர்கள் இருவர், இந்தச் சாதனங்கள் அவர்களுக்குப் புதிது. வரிசையை யாராவது எழுதித் தாருங்கள், சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

16. ஐம்பது ஹெர்ட்ஸ்

அப்படியே ஒட்டலாம் தம்பி:

திறக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் முதலில், 15 நிமிடம். பிறகு புரொஜெக்டர்கள். படம் வரும்வரை, சுமார் ஒரு நிமிடம், எதையும் தொடாமல் நில்லுங்கள். அதற்குப் பிறகுதான் பிளேயர்கள். பிளேயர் முன்னால் எழுந்துவிட்டால் திரை இருப்பது அதற்குத் தெரியாது, சிக்னலே அனுப்பாது, திரை கறுப்பாகவே கிடக்கும். அப்படி ஆனால் பிளேயரின் பிளக்கை மட்டும் கழற்றி மாட்டுங்கள். ஆம்பிளிஃபயர் கடைசி.

மூடும்போது ஆம்பிளிஃபயர் முதலில். புரொஜெக்டரை ரிமோட்டால் அணையுங்கள், சுவர் சுவிட்சைத் தொடாதீர்கள். உள் ஃபேன் சத்தம் நிற்கும்வரை காத்திருங்கள், விளக்கு ஆற இரண்டு நிமிடம் ஆகும். சத்தம் நின்றபின் பிளேயர்கள், பிறகு சுவர் சுவிட்ச், பிறகு ஒவ்வொரு பிளக்கும் கழன்று தரையில் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது.

திரை இ ஓடிக்கொண்டிருந்தால் அவர் பேசி முடிக்கும்வரை மூட வேண்டாம்.